பாலத்திலிருந்து வராத மெயில்

மெயில் சர்வரின் சான்றிதழை மாற்றிய மறுநாள் காலையில் அலுவலகத்தில் ஜாக்குலின்தான் முதலில் குறை சொன்னாள்.

“சூர்யா, என் கம்ப்யூட்டர்ல மெயில் போகமாட்டேங்குது. அனுப்புன்னு அமுக்குனா என்னமோ கேள்வி கேக்குது. வந்து பாரு.”

சூர்யகலா எழுந்து போய்ப் பார்த்தாள். சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் தொடரலாமா என்று திரையில் ஒரு கட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் புதுசு போட்டேன்லக்கா, அதான். உங்க மிஷினு ரொம்பப் பழசு. ஆமான்னு அமுக்குங்க, போயிரும்.”

ஜாக்குலின் அமுக்கினாள். மெயில் போனது. அவள் அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். சூர்யகலாவும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் புதுச் சான்றிதழைப் போட்ட கையோடு தன் லேப்டாப்பிலிருந்து ஒன்றும் போனிலிருந்து ஒன்றுமாகச் சோதனை மெயில் அனுப்பிப் பார்த்திருந்தாள். இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. அதற்கு மேல் அவளுக்குச் சந்தேகம் எழவில்லை.

போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் பார்ப்பது அவள் ஒருத்திதான். சிலமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் இருந்தது. பின்னறையில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டே ஓடும். இவ்வளவு சின்னச் சங்கத்துக்குச் சொந்தமாக எதற்கு ஒரு சர்வர் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்கான காரணம் மலையில் இருந்தது.

போடிமெட்டைத் தாண்டி உள்ளே போகும் எஸ்டேட் சாலைகளில் மூன்று இடங்களில் ஓடைக்குக் குறுக்கே தரைப்பாலம் உண்டு. தாழ்வான சிமென்ட் தளம், கைப்பிடிச் சுவர் கிடையாது. சாதாரண நாளில் ஓடை தளத்துக்கு அடியிலேயே போய்விடும். மேலே நல்ல மழை பிடித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தளத்தின் மேல் ஏறிவிடும். சில வருடங்களுக்கு முன் கருடன்பாறை எஸ்டேட்டுக்குப் போகும் பாலத்தில் ஒரு ஜீப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. காய் எடுக்கப் போன இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகு அந்தச் சாலையில் ஜீப் ஏற மாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் சங்கம் ஒரு கம்பெனியைப் பிடித்து மூன்று பாலத்திலும் தண்ணீர் மட்டம் பார்க்கும் பெட்டிகளை வைத்தது. தண்ணீர் தளத்தை நெருங்கினால் பெட்டி சங்கத்தின் சர்வருக்கு ஒரு மெயில் அனுப்பும். சர்வர் உடனே எல்லா ஜீப் டிரைவர்களுக்கும் போன் போட்டு, இன்ன பாலத்தில் தண்ணீர், போகாதீர்கள் என்று பதிவு செய்த குரலில் சொல்லும். எடுக்காதவர்களுக்கு எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி வைத்த கம்பெனியை அப்புறம் மூடிவிட்டார்கள். பெட்டிகள் மட்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன.

அது ஐப்பசி மாதம். போடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானச் சாப்பாடு முடித்து, டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த சூர்யகலா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மேற்கே மலையே தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் கறுப்பாக மேகம் இறங்கிக் கிடந்தது. கையைத் துடைப்பதற்குள் தவசியின் போன் வந்தது.

தவசி ஜீப் ஓட்டுகிறவர். சிலமலையில் சூர்யகலாவின் தெருமுனையில்தான் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கருடன்பாறைக்குப் போவார். அவள் எதிர்வீட்டு மொக்கம்மாள் அன்றைக்கும் அந்த ஜீப்பில்தான் போயிருந்தாள்.

“சூரியா, இங்க எஸ்டேட்டுல மழை ஊத்துது தாயி. சோலியப் பாதியில விட்டுட்டுப் பொம்பளைகள ஏத்திட்டேன். வெரசாக் கெளம்பிரலாம்னு பாக்குறேன். பாலத்துல தண்ணி கெடக்கா?” மழை இரைச்சலில் குரல் விட்டு விட்டு வந்தது.

சூர்யகலா திரையைப் பார்த்தாள். மூன்று பாலங்களின் பெயருக்கு நேரேயும் பச்சை வட்டம் இருந்தது.

“ஒண்ணும் வரலண்ணே. மூணும் பச்சையாத்தான் காட்டுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேண்ணே. தண்ணி ஏறுனாத் தானா உங்களுக்கு போன் வந்திரும்ல.”

“அப்பச் சரி. விட்டுர்றேன். பின்னாலயே முத்துப்பாண்டி வண்டியும் வருது.”

போன் அறுந்தது.

சூர்யகலா டப்பாவைப் பையில் வைத்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். இந்த மாதிரி மேகம் இறங்கிய நாட்களில் தண்ணீர் பாலத்துக்கு வராவிட்டாலும், ஓடை ஏறத் தொடங்கிவிட்டது என்று முதல் மெயிலாவது வந்திருக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. பெட்டிகள் தினமும் காலையில் நன்றாக இருக்கிறோம் என்று ஆளுக்கொரு மெயில் அனுப்பும். அதை யாரும் படிப்பதில்லை என்பதால் தனியாக ஒரு இடத்துக்குப் போகும்படி அவளே செய்து வைத்திருந்தாள். அதைத் திறந்தாள்.

கடைசியாக வந்தவை முந்தின நாள் காலையில் வந்தவை. இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

பச்சை வட்டத்துக்கு அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்ட செய்தி வந்தால் அது சிவப்பாகும். செய்தியே வராவிட்டால் பச்சையாகவே இருக்கும்.

தவசிக்கு போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. முத்துப்பாண்டிக்குப் போட்டாள். அதுவும் அப்படியே. மறுபடி தவசி. மறுபடி முத்துப்பாண்டி.

“கிங்ஸ்லி சார்!” என்று அவள் கத்திய கத்தலில் ஜாக்குலின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். செயலாளர் கிங்ஸ்லி தன் அறையிலிருந்து மூக்குக் கண்ணாடியோடு வெளியே வந்தார். கடைவீதியில் மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம் அவருடையது. நிதானமான மனிதர்.

“என்னம்மா?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து பெட்டி ஒண்ணும் மெயில் அனுப்பல சார். நான் தெரியாம தவசி அண்ணன்கிட்ட பாலத்துல தண்ணி இல்லன்னு சொல்லிட்டேன். அவரு பொம்பளைகள ஏத்திட்டுக் கெளம்பிட்டாரு.”

கிங்ஸ்லி கண்ணாடியைக் கழற்றினார். “எஸ்டேட்டுல இருந்து பாலத்துக்கு எவ்வளவு நேரம்?”

“மழைக்குள்ள வந்தா அரை மணி நேரம் ஆகும் சார். அதுக்குள்ளயும் வரலாம்.”

“ஜாக்குலின், டிரைவர் நம்பர் எல்லாத்தையும் எடு. நீ பாதி, நான் பாதி. யாரு எடுத்தாலும் கருடன்பாறை ரோட்டுல இருக்கானான்னு கேளு.” சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்துவிட்டார். “எஸ்டேட் ஆபீசுக்கும் போடுறேன். நீ என்ன கோளாறுன்னு பாரும்மா.”

சூர்யகலா பின்னறைக்கு ஓடினாள். சர்வருக்கு முன்னால் நாற்காலிகூட இல்லை. நின்றபடியே, யார் யார் வந்து மெயில் கொடுக்கப் பார்த்தார்கள் என்று அது எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். திரை முழுவதும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. பெட்டி வருகிறது. தன் பெயரைச் சொல்கிறது. சர்வர் சான்றிதழைக் காட்டுகிறது. இதைக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பெட்டி போய்விடுகிறது. கொண்டுவந்த மெயிலைக் கொடுப்பதில்லை.

மற்ற இரண்டு பாலத்துப் பெட்டிகளும் எப்போதாவது ஒரு தடவைதான் வந்திருந்தன. காலையில் கொடுக்க முடியாத மெயிலைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்திருக்கின்றன. கருடன்பாறைப் பெட்டியும் மத்தியானம் வரை அப்படித்தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு அதன் வரிகள் நெருங்கி நெருங்கி வந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை வந்து போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

அவசரச் செய்தி கையில் இருந்தால்தான் அந்தப் பெட்டி இவ்வளவு அடிக்கடி வரும்.

“சார், பாலத்துல தண்ணி ஏறிருச்சு!” என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். “பெட்டி சொல்லிட்டுத்தான் இருக்கு. நம்ம சர்வர நம்பி மெயிலக் கொடுக்க மாட்டேங்குது.”

கிங்ஸ்லி போனைக் காதில் வைத்தபடி வாசலில் வந்து நின்றார். “ஏன் நம்ப மாட்டேங்குது? நேத்து வரைக்கும் நம்புச்சுல்ல?”

“நேத்துப் புதுச் சர்ட்டிபிகேட் போட்டேன் சார்.”

“அப்பப் பழசையே போட்ரு.”

“அது இன்னைக்குக் காலையோட முடிஞ்சுபோச்சு சார். முடிஞ்சதக் காட்டுனாலும் வாங்காது.”

“சர்ட்டிபிகேட்டே இல்லாம வாங்கிக்க முடியாதா? ஒரு மணி நேரத்துக்குப் பூட்டத் திறந்து விடும்மா.”

“பூட்டு இல்லாத எடத்துல கொடுக்கக் கூடாதுன்னு பெட்டியிலயே எழுதி வச்சிருக்கு சார். அத மாத்தணும்னா அங்க போய்த்தான் மாத்தணும்.”

பேசிக்கொண்டே அவள் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. காலையில் ஜாக்குலினின் திரையில் வந்த கட்டம் கண்முன்னே நின்றது. அதே குறைதான். ஜாக்குலினின் மிஷினும் இதையேதான் சொல்லியிருக்கிறது. அங்கே ஆமாவென்று அமுக்க ஒரு ஆள் இருந்தாள். தான்தான் அமுக்கச் சொன்னோம். மலையில் ஓடைக் கரையில் இருக்கிற பெட்டிக்கு யார் அமுக்குவார்கள்?

சான்றிதழ் விற்ற கம்பெனி அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தாள். அதில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று சங்கத்தின் சர்வருக்கானது. அதைத்தான் அவள் போட்டிருந்தாள். மற்றொன்று ஏதோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள். பழைய சான்றிதழைக் கொடுத்தவர்கள் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்ததால், அப்படி ஒன்று உண்டென்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“என்னம்மா, தெரிஞ்சிச்சா?” என்றார் கிங்ஸ்லி.

“ரெண்டு பேப்பர் காட்டணும் சார், நான் ஒண்ணத்தான் காட்டிருக்கேன். வி.ஏ.ஓ. கையெழுத்து இருக்கு. அந்த வி.ஏ.ஓ. நம்ம ஆளுதான்னு தாசில்தார் சொன்ன பேப்பர் இல்ல. பெட்டிக்குத் தாசில்தார மட்டுந்தான் தெரியும். என் லேப்டாப்பு புதுசு, இல்லாத பேப்பர அதுவே தேடி எடுத்துக்கிருச்சு. அதான் எனக்குத் தெரியல.”

கிங்ஸ்லிக்குப் பாதிதான் புரிந்தது. “வெரசாப் பண்ணும்மா” என்றுவிட்டு மறுபடி போனில் பேசப் போனார். வெளியே ஜாக்குலினின் குரல் கேட்டது. “அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க? போடியா? சரி, சரி, வைங்க.” அடுத்த நம்பர். “ஹலோ, ஹலோ, கேக்குதா?”

சூர்யகலா இரண்டாவது கோப்பின் எழுத்துகளை அப்படியே எடுத்து முதல் கோப்பின் அடியில் ஒட்டினாள். சேமித்தாள். மெயில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

அது ஓடவில்லை.

சான்றிதழைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே வரி. இப்போது பெட்டி வந்தாலும் கதவைத் திறக்க ஆளே இல்லை. ஜாக்குலின் “ஐயோ, எனக்கும் மெயில் நின்னுபோச்சு சூர்யா” என்றாள்.

அவள் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டாள். கோப்பை மறுபடி திறந்து வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். கண்ணீர் முட்டியதால் அவையும் சரியாகத் தெரியவில்லை. தெருமுனையில் ஜீப்பின் பின்பக்கம் ஏறும்போது மொக்கம்மாள், “பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஓடு” என்று காலையில் இவளைப் பார்த்துக் கத்தியது நினைவில் வந்துகொண்டே இருந்தது. அப்படி ஓடி வந்து இதைத்தான் செய்தோமா என்று நினைத்தாள்.

நடுவில் ஒரு வரி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. முதல் சான்றிதழ் முடியும் கோடுகளும் இரண்டாவது தொடங்கும் கோடுகளும் ஒரே வரியில் ஒட்டிக் கிடந்தன. அந்த இடத்தில் கர்சரை வைத்து என்டரை ஒரு தட்டுத் தட்டினாள். வரி இரண்டாகப் பிரிந்தது. சேமித்தாள். ஓடவிட்டாள்.

இந்தத் தடவை ஓடியது.

பதிவு காலியாக இருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் விடாமல் தட்டிய பெட்டி இப்போது வரவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டதா, தண்ணீர் அதையே கொண்டுபோய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிங்ஸ்லி பின்னால் வந்து நின்றது அவர் மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

பெட்டி வந்தது. பெயர் சொன்னது. சான்றிதழைக் கேட்டது.

வாங்கிக்கொண்டது.

அடைபட்டுக் கிடந்த மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. காலையில் அனுப்ப வேண்டியது, ஓடை ஏறத் தொடங்கியது, தளத்துக்கு அடியில் வந்தது, தளத்தைத் தொட்டது. கடைசி மெயில் வந்தபோது தண்ணீர் தளத்துக்கு மேல் நாலு விரல் நின்றது. முன்னறைத் திரையில் கருடன்பாறை சிவப்பானது. சர்வர் எல்லா டிரைவர்களுக்கும் போன் போடத் தொடங்கியது.

மூவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும், எடுத்தார், எடுக்கவில்லை என்று வந்துகொண்டிருந்தது. போடியில் இருந்தவர்கள் எடுத்தார்கள். சாந்தம்பாறைப் பக்கம் போன ஒருவர் எடுத்தார். தவசி எடுக்கவில்லை. முத்துப்பாண்டி எடுக்கவில்லை. மறுபடி தவசி. மறுபடி முத்துப்பாண்டி. ஜாக்குலின் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

முத்துப்பாண்டியின் பெயருக்கு நேரே, எடுத்தார் என்று வந்தது.

அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறார், பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, முழுதாகக் கேட்டாரா என்று திரை சொல்லவில்லை. கிங்ஸ்லி உடனே அவருக்குப் போட்டார். மணி அடிக்காமலே அறுந்தது. தவசிக்கு சர்வர் போட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்கும் போடிமெட்டு செக்போஸ்டுக்கும் கிங்ஸ்லி சொல்லிவிட்டார். எஸ்டேட் ஆபீஸ் லைன் கிடைக்கவே இல்லை. சூர்யகலா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். யாராவது போன் பண்ணினால் நல்லது என்று ஒரு நேரம் தோன்றியது, பண்ணக் கூடாது என்று ஒரு நேரம் தோன்றியது.

வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் முத்துப்பாண்டி கூப்பிட்டார். எஸ்டேட் ஆபீசிலிருந்து பேசினார்.

“சார், ஆளுக எல்லாரும் இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க.” அதை இரண்டு தடவை சொன்னார். “பாலத்துக்கு மேல ஒரு வளைவு இருக்குல்ல, அங்க வரும்போது எனக்கு போன் வந்துச்சு. தண்ணின்னு சொல்லுச்சு. எட்டிப் பாத்தா தவசி அண்ணன் வண்டி கீழ பாலத்துல எறங்கிப் பாதி வரைக்கும் போயிருச்சு. கைய ஆரன்ல இருந்து எடுக்கவே இல்ல சார் நானு. அவரு நின்னுட்டாரு. பின்னாடி எடுக்கப் பாத்தாரு, பின்சக்கரம் தளத்த விட்டு நழுவிருச்சு. கயித்தக் கட்டிப் பொம்பளைகள ஒவ்வொருத்தரா இழுத்தோம். இடுப்பளவு தண்ணி. மொக்கம்மா அத்தைக்குக் கால் பாறையில மாட்டி வீங்கிக் கெடக்கு. மத்தவங்களுக்குச் சிராய்ப்புதான். வண்டி போயிருச்சு சார்.”

“தவசி எங்கப்பா?”

“இங்கதான் இருக்காரு. பேச மாட்டேங்குறாரு.”

கிங்ஸ்லி போனை வைத்துவிட்டு, வெகுநேரம் மேசையில் கையூன்றி நின்றார். ஜாக்குலின் அழுதாள். சூர்யகலாவுக்கு அழுகை வரவில்லை.

“யாரும் கேட்டா டவர் கோளாறுன்னே சொல்லிக்கலாம்மா” என்றார் கிங்ஸ்லி, அவளைப் பார்க்காமல். “மழை பெய்ஞ்சா மலையில டவர் இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். உயிர்ச்சேதம் இல்ல. நீயும் கஷ்டப்பட்டுத்தான் சரி பண்ணுன.”

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

தண்ணீர் வடிந்து, மறுநாள் காலையில்தான் பெண்கள் ஊருக்கு வந்தார்கள். ராத்திரி முழுவதும் எஸ்டேட்டில் காய் காயவைக்கும் ஸ்டோரின் சூட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். சிலமலைத் தெருமுனையில் முத்துப்பாண்டியின் ஜீப் வந்து நின்றபோது தெருவே கூடியிருந்தது. சூர்யகலா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அங்கே நின்றாள். மொக்கம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. முன்சீட்டிலிருந்து தவசி இறங்கினார். ஒரு நாளில் முகம் ஒடுங்கிப் போயிருந்தது.

அவர் நேரே சூர்யகலாவிடம் வந்தார்.

“தண்ணி இல்லன்னு சொன்னியே தாயி. எத வச்சுச் சொன்ன?”

டவர் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

“ஒண்ணும் வரலைங்கறத வச்சுச் சொன்னேண்ணே” என்றாள். “பெட்டி அனுப்புன மெயில சர்வர் வாங்கல. முந்தின நாள் நான் ஒரு மாத்தம் பண்ணேன், அதப் பாதி விட்டுட்டேன். காலையிலயே ஜாக்குலின் அக்கா கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுச்சு. நான்தான் கண்டுக்கல. டவர் இல்ல, மழை இல்ல. என் தப்புத்தான்.”

தவசி அவளையே பார்த்தார். “பதினாலு பொம்பளைக” என்றார். திரும்பி நடந்து போய்விட்டார்.

மொக்கம்மாள் நின்ற இடத்திலிருந்து, “ஏண்டி” என்றாள். “பாலத்துக்கிட்ட வந்ததும் அவன் யோசிச்சாண்டி. சூரியா பாத்துச் சொல்லிருச்சுல்ல, தளத்து மேல நனையத்தான் செய்யுது, விடு வண்டியன்னு சொன்னதே நாந்தாண்டி.” சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்த சூர்யகலாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். சூர்யகலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அன்று மாலையே கிங்ஸ்லியிடம் போய், தெருவில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “சரி, இனி நானும் அதையே சொல்லிக்கிறேன்” என்றார். தவசிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்வது பற்றிச் சங்கத்தில் பேச்சு நடந்தது. உடனே ஒன்றும் முடிவாகவில்லை.

அடுத்த வாரம் தவசி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நீ அந்தப் பாலத்தப் பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

“வா. அந்தப் பெட்டி வேலை செய்யிறத என் கண்ணு முன்னால காட்டு. அதுக்கப்புறந்தான் பொம்பளைகள ஏறச் சொல்லுவேன்.”

முத்துப்பாண்டியின் ஜீப்பில் மூவரும் போனார்கள். எஸ்டேட் சாலையில் ஏலச் செடிகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி இறங்கி, பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றது. ஓடை தளத்துக்கு அடியில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே பாறை இடுக்கில் தவசியின் ஜீப் கவிழ்ந்து கிடந்தது. மேல்துணி கிழிந்து தொங்கியது. தவசி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெட்டி கரையில் ஒரு உயரமான இரும்புக் கம்பத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மிதவை. சூர்யகலா கையை விட்டு மிதவையைத் தளத்துக்கு மேலான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். பெட்டியில் ஒரு சிறு விளக்கு மினுக்கியது.

“இப்ப போன் வரும்ணே.”

தவசி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முத்துப்பாண்டியும் எடுத்து வைத்துக்கொண்டார். இருவருக்கும் வரவில்லை. சூர்யகலாவின் கை வலித்தது. இறக்காமல் பிடித்திருந்தாள்.

“பெட்டி அனுப்பிருச்சு, வெளக்கு எரிஞ்சுச்சு. எங்க கோளாறுன்னு தெரியலண்ணே.”

தவசி போனைத் திருப்பிப் பார்த்தார். “இங்க டவரே இல்ல” என்றார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். “அதுக்கு மேல ஏரியல் வச்சிருக்கான். நமக்கு ஏது?”

அவர் வந்த வழியே மேட்டில் நடந்தார். இந்தப் பக்கத்து வளைவுக்குப் போனதும் அவர் போன் அடித்தது. அங்கிருந்தே காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கேட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினார். முத்துப்பாண்டி, “அன்னைக்கு எனக்கும் அந்தப் பக்கத்து வளைவுலதான் வந்துச்சு” என்றார்.

தவசி இறங்கி வந்தார். நேராகப் பார்த்துப் பேசினார்.

“இனிமே தண்ணின்னு மட்டும் போன் வந்தாப் பத்தாது. எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நாங்க வளைவுல வந்து நிப்போம். தண்ணி இல்ல, போகலாம்னு உன் பெட்டி சொல்லணும். சொன்னாத்தான் எறங்குவோம். சொல்லலைன்னா நிப்போம். பண்ண முடியுமா?”

“முடியும்ணே. கால் மணிக்கு ஒருக்கா சொல்ல வைக்கலாம்.”

“வைக்கலாம்னு சொல்லாத.”

“வைக்கிறேண்ணே.”

அந்த வாரம் முழுவதும் அவள் அதைத்தான் செய்தாள். திரையில் பச்சை வட்டத்தை எடுத்துவிட்டு, பெட்டி கடைசியாகப் பேசிய நேரத்தைப் போட்டாள். வழக்கமான நேரத்துக்குள் பேசாவிட்டால் அந்தப் பெயர் சிவப்பாகும்படி செய்தாள். இரண்டு காகிதங்களும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று அடுத்த தடவைக்காகப் பெரிதாக எழுதி சர்வர் மேலேயே ஒட்டினாள். ஜாக்குலினின் மிஷினில் இப்போது எந்தக் கேள்வியும் வரவில்லை. வந்தால் அமுக்காமல் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

தவசி வாடகைக்கு ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டத் தொடங்கினார். முதல் நாள் பெண்களோடு சூர்யகலாவும் ஏறிக்கொண்டாள். மொக்கம்மாளின் கால் இன்னும் ஆறவில்லை, அவள் வரவில்லை. வளைவில் வண்டி நின்றது. கீழே பாலம் நன்றாகத் தெரிந்தது. வெயிலில் தளம் காய்ந்து கிடந்தது. போகலாம் என்ற செய்தி இன்னும் வரவில்லை.

“தண்ணியே இல்லையே, கண்ணுக்குத் தெரியுதுல்ல” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “நேரமாச்சுன்னா அரைச் சம்பளந்தான் போடுவான்.”

“சும்மா இரு” என்றார் தவசி. என்ஜினை அணைத்தார்.

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். சூர்யகலா மடியில் போனை வைத்துக்கொண்டு அதன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஏலச் செடிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னே தவசியின் போன் அடித்தது. அவர் எடுத்து, பதிவு செய்த குரல் முடியும்வரை முழுதாகக் கேட்டார். பிறகு சாவியைத் திருகினார்.